யாருக்கும் தெரியாத ஊரில்

மார்ச் 4

இன்றைக்கும் நான்தான் கெட்டவள்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே வண்டிக்காரரிடம் வாடகை பேசியது நான். வெயிலில் நின்று, கையால் காட்டி, தலையை ஆட்டி, இரண்டு முறை திரும்பி நடப்பதுபோல் நடித்து, ஒருவழியாக நியாயமான வாடகைக்கு இறக்கினேன். அதுவரை தூணோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரரின் தோளைத் தட்டி, "என் பொண்டாட்டி கொஞ்சம் கறார். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். இறங்கும்போது நான் பேசிக் குறைத்த காசை வண்டிக்காரர் கையிலேயே திணித்துவிட்டு வந்தார்.

"பாவம், அவனும் பொழைக்கணும்ல" என்கிறார். அப்படியென்றால் என்னை எதற்கு வெயிலில் நிற்க வைத்தாய்?

ஊரில் இவர் டியூஷன் வாத்தியார். ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளைப் பேச்சாலேயே கட்டிப்போடுகிறவர். இங்கே பாதி இங்கிலீஷ்தான் கைவசம் இருக்கிறது, அந்தப் பாதியை வைத்தே ஊரை வளைத்துவிடுகிறார். போன இடமெல்லாம் நண்பர்கள். நானோ தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை பார்த்தவள். வருடக்கணக்காக ஊரார் திட்டைக் காதில் வாங்கி, "உங்க சிரமம் புரியுது சார்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கினேன். என் சிரமத்தை இந்தக் காகிதத்திடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது மூன்றாவது நாடு. இன்னும் பாதி வருடம் பாக்கி.

மார்ச் 7

குளியலறையில் வெந்நீர் இல்லை. வாத்தியார் "பச்சத்தண்ணி உடம்புக்கு நல்லது" என்கிறார். அவர் குளிக்கவில்லை.

மார்ச் 13

இன்று கொஞ்சம் நல்ல நாள். எழுதி வைக்கிறேன், அப்புறம் யாரும் என்னை எப்போதும் சிடுசிடுப்பவள் என்று சொல்லக் கூடாது.

மலைப்பாதையில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு நின்றோம். காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர் ஒருவர் நிறுத்தினார். வாத்தியார் முதலில் ஏறி ஏதோ பேசினார். லாரிக்காரர் இறங்கி வந்து என் பையைத் தானே தூக்கி வைத்தார். முன்சீட்டில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, முதுகுக்குத் தன் சட்டையை மடித்துக் கொடுத்தார். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். காசு கொடுத்தபோது நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்றார்.

போன வாரத் தங்குமிடத்திலும் இப்படித்தான். சமையல்காரம்மா எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தாள். அதற்கு முன் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், பிடித்த என் கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். உலகத்தில் எவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்கள்! ஊரில் உறவுக்காரர்கள் ஒருவர்கூட என்னை இப்படித் தாங்கியதில்லை.

வருவதற்கு முன் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மூன்று தடவை சிகிச்சை செய்து மூன்றும் கலைந்தபின், பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை. இவர்தான் ஒருநாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "உலகத்தையாச்சும் பாத்துட்டு வருவோமா?" என்றார். அந்தக் கேள்விக்காக அவரை எனக்கு அன்று அவ்வளவு பிடித்தது. இரண்டு பேரும் வேலையை விட்டோம். ஆளுக்கொரு முதுகுப்பை.

இன்று லாரியில் வரும்போது அதெல்லாம் ஞாபகம் வந்தது. பின்னால் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் இவர் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தார். சுருதி சேரவே இல்லை. பிடித்திருந்தது.

மார்ச் 22

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

இங்கே நேற்று வந்தோம். சின்ன விடுதி. நடத்துகிற அம்மாளுக்கு நம் பாதி மொழிகூடத் தெரியாது. நேற்று வாத்தியார் தன் போனை நடுவில் வைத்து அவளோடு ரொம்ப நேரம் பேசினார். இவர் பேசினால் போன் அவள் மொழியில் சொல்லும், அவள் பேசினால் தமிழில் சொல்லும். நான் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது, "அறைக்கு வாடகை வேண்டாம்னுட்டாங்க, நல்ல மனசு" என்றார்.

இன்று காலை சமையலறையில் நான் மட்டும் இருந்தேன். அந்த அம்மாள் சூப் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். பிறகு தன் போனை எடுத்து, அதில் மெதுவாக, கண் கலங்க ஏதோ சொன்னாள். போனை என் பக்கம் திருப்பினாள். அந்த மெஷின், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், சத்தமாக, தமிழில் சொன்னது:

"உங்கள் கருப்பைக்கு என் ஆழ்ந்த இரங்கல்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. தப்பாக மொழிபெயர்க்கிறது என்று நினைத்தேன். அவள் மறுபடி பேசினாள்.

"உங்கள் கணவர் எல்லாவற்றையும் கூறினார். குறைபாடு உள்ள மனைவியைக் கைவிடாத அவர் ஒரு தங்கமான மனிதர். நீங்கள் அதிர்ஷ்டசாலி."

அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் அவள் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லாரிக்காரர். இரண்டு முட்டை. கையை விடாத அந்தப் பெண். எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

மார்ச் 22, மாலை

எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் யாரையாவது அடித்துவிடுவேன்.

குறை எனக்கில்லை. எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிகிச்சை பார்த்த டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: அவரிடத்தில்தான் பிரச்சனை, எண்ணிக்கையும் குறைவு, இருப்பதற்கும் வலு இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், அவங்க தாங்க மாட்டாங்க" என்றார். நான்தான் சொன்னேன், முட்டாள், நானேதான் சொன்னேன்: "என்கிட்டதான்னு சொல்லிக்கோங்க. எனக்கென்ன." அவ்வளவு பாசம் அப்போது.

எனக்கென்ன? எல்லாம் எனக்குத்தான். குறை அவருக்கு, ஊசி எனக்கு. வயிறு முழுக்கப் பச்சைப் பச்சையாய்க் கன்றிப்போய், புரண்டு படுக்க முடியாமல் கிடந்தவள் நான். மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வம்சத்துல இப்படிக் கெடையாது, வந்த எடம் சரியில்ல" என்றார். உறவில் ஒரு பிள்ளை பிறந்தபோது, தூக்கக் கை நீட்டினேன். "நீ தூரமா நின்னு பாரு, போதும்" என்றார். கூடத்தில் அத்தனை பேர். இவரும் இருந்தார். பக்கத்திலிருந்த நாளிதழை எடுத்து விரித்தார்.

எல்லாம் பொறுத்தேன். அவர் அம்மாவுக்காக. அம்மாவுக்காகத்தான் கொடுத்தேன் அந்தப் பொய்யை. உலகத்துக்கு எடுத்து விநியோகம் பண்ணச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின்வாசலில் வைத்துக் கேட்டேன். கோபத்தில்தான் எனக்கு "நீ" வரும். வந்தது.

"எத்தன பேருகிட்ட சொன்ன?"

"என்னது?"

"நடிக்காத. எத்தன பேருகிட்ட?"

பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "பேச்சு வாக்குல வந்துடும்மா. புள்ளைங்க உண்டான்னு கேக்கறாங்க. ஏதாச்சும் சொல்லணும்ல. இங்க நம்மள யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாத ஊரு. சொன்னா என்ன ஆயிடப்போவுது?"

"அதத்தான் நானும் கேக்கறேன். யாருக்கும் தெரியாத ஊருதானே. உண்மையச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

வாரை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஊர் வளைக்கும் வாய்.

மார்ச் 23

காலையில் அந்த விடுதி அம்மாளிடம் போனேன். அவள் போனை வாங்கி, தமிழில் நிதானமாகப் பேசினேன். "குறை எனக்கு இல்லை. அவருக்கு. அவர் பொய் சொன்னார். அறைக்கு உண்டான வாடகையை வாங்கிக்கொள்ளுங்கள்."

மெஷின் அவள் மொழியில் சொல்லி முடித்ததும், கரண்டியைக் கீழே வைத்தாள். போனை என்னிடமிருந்து வாங்கிப் பேசினாள். மெஷின் சொன்னது: "அப்படியானால் அவன் குடித்த சூப்புக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன்."

வாங்கிக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

நான் வாடகை பேசினால் கறார்க்காரி. அவர் என் வயிற்றை நடுவில் வைத்துப் பேரம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார், அவர் தங்கமான மனிதர்.

மார்ச் 26

சண்டை போட்டுக்கொண்டு போய் உட்கார இன்னோர் அறை வேண்டும். இந்தப் பயணத்தில் அது கிடையாது. ஒரு கட்டில், ஒரு பூட்டு, ஒரு சார்ஜர், ஒரு பற்பசை. முறைத்துக்கொண்டே பல் தேய்க்க வேண்டியிருக்கிறது. பேருந்தில் அவர் தூங்கினால் தலை என் தோளில்தான் விழுகிறது. தள்ளிவிட்டால் ஜன்னலில் இடித்துக்கொள்கிறார். இடிக்கட்டும் என்று விட்டேன். அடுத்த வளைவில் மறுபடி என் தோள். உடம்புக்குப் புத்தி இல்லை.

இன்று சோப்பைக் கத்தியால் இரண்டாக வெட்டினேன். மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். கையிருப்பையும் பிரித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "இது எதுக்கு இப்போ?" என்றார்.

"பழகிக்க."

மார்ச் 28

பேசினேன். கத்தாமல் பேசினேன். புகார்ப் பிரிவுக் குரலில்.

"உங்க அம்மாகிட்ட உண்மையச் சொல்லு. அது போதும் எனக்கு. வேற எதுவும் கேக்கல."

"அவங்களுக்கு இருக்கற பிரஷருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"எனக்கு ஆகலையா?"

"உனக்கு மனசு தைரியம். நீ தாங்குவே."

தாங்குகிறவள் தலையிலேயே ஏற்றிக்கொண்டு போகலாம் என்று எந்தப் பாடத்தில் இருக்கிறது, வாத்தியாரே?

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது சொல்கிறேன் என்றார். சத்தியமா என்று கேட்டேன். சத்தியமா என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

வீடியோவில் பேசினார்கள். விடுதி முற்றத்தில் மர பெஞ்சில் நாங்கள் இருவரும். அந்தப் பக்கம் மாமியாரும் நாத்தனாரும். வழக்கம்போல மாமியார் அவரைத்தான் பார்த்துப் பேசினார். என்னைப் பற்றியும் அவரிடமே கேட்டார், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

"ஊர் மாறி, காத்து மாறினா ஏதாச்சும் ஆகும்னு பாத்தேன். ஒண்ணும் இல்லையா? மாத்திரையாச்சும் ஒழுங்கா சாப்பிடறாளா? அவ பண்ணுன பாவத்துக்கு என் புள்ளையும் சேந்து கஷ்டப்படறான்."

நான் அவரைப் பார்த்தேன். முழங்கையால் இடித்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"இங்க வெயில் ஜாஸ்திம்மா" என்றார்.

நான் எழுந்து கேமராவை விட்டு விலகிப் போனேன். பின்னாலிருந்து மாமியார் குரல்: "பாரு, மரியாதைய."

ஏப்ரல் 3

இன்று நான் செய்ததை நானே நம்பவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான்காவது நாட்டுக்குப் போக எல்லைக்கு வந்தோம். ஒரு நீளக் கட்டடம். இந்த நாட்டை விட்டு வெளியேற முத்திரை குத்துகிற ஜன்னல், அதைத் தாண்டி ஒரு இரும்புக் கதவு. கதவுக்கு அப்புறம் கொஞ்ச தூரம் வெறும் தார்ச்சாலை. அதற்கு அப்புறம் அடுத்த நாட்டின் கட்டடம். வரிசையில் அவர் முன்னால், நான் பின்னால். ஞாயிறு முதல் நாங்கள் பேசவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. அந்தப் பெரியவர் திரும்பி, சிரித்து, கேட்டார்: "குழந்தைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்?"

சும்மா கேட்டார். வரிசையில் நிற்கிறவர் கேட்கிற கேள்வி.

இவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் அப்புறம். இத்தனைக்கும் அப்புறம்.

"இல்ல... இவங்களுக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தார்.

பழக்கம். வாய் தானாகப் போகிறது. பாதியில் நிறுத்திக்கொண்டார், அதுவும் உண்மை. ஆனால் ஆரம்பித்தார். பெரியவரின் மனைவி அதற்குள் என்னை அந்த முகத்தோடு பார்த்தாள். எனக்கு அந்த முகம் இப்போது நன்றாகத் தெரியும். எத்தனை நாட்டில் பார்த்துவிட்டேன்.

வரிசை நகர்ந்தது. அவருக்கு முத்திரை விழுந்தது. அவர் கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று எனக்காகத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் இருந்த பெண் அதிகாரி என் பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.

"நான் போகலை" என்றேன். தமிழில்தான் சொன்னேன் முதலில். பிறகு பாதி மொழியில்.

"உங்கள் கணவர் அந்தப் பக்கம் போய்விட்டாரே."

"அவர் போகட்டும்."

"அவரால் இனி திரும்பி உள்ளே வர முடியாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்."

"தெரியும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, பின்னால் நிற்பவரைக் கூப்பிட்டாள். நான் வரிசையிலிருந்து விலகி, வந்த வழியே நடந்தேன். கம்பிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். முதலில் என் பெயரை. பிறகு, "விளையாடாத! இங்க வா!" பிறகு, "அந்த சார்ஜர் உங்கிட்ட இருக்கு!"

சத்தியமாக அதைத்தான் கத்தினார்.

திரும்பிப் பார்க்கவில்லை. பொய். ஒரு முறை பார்த்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. நடந்தேன்.

ஏப்ரல் 4

பயமாக இருக்கிறது. ஆனால் திரும்பிப் போகிற பயம் இதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஏப்ரல் 11

கடலோரம் ஒரு சின்ன ஊர். தங்குமிடம் ஒன்றில் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து மடித்துக் கொடுத்தால் படுக்கையும் சாப்பாடும் இலவசம். சேர்ந்துவிட்டேன். இந்த நாட்டில் இன்னும் இரண்டு மாதம் தங்க எனக்கு அனுமதி இருக்கிறது.

நடத்துகிறவள் நெட்டையான பெண், எல்லாரும் கேப்டன் என்கிறார்கள். முதல் நாளே பாதி மொழியில் கேட்டாள், கல்யாணம் ஆனவளா என்று. ஆமாம் என்றேன். குழந்தை? இல்லை என்றேன். "சரி, இந்த மெஷின்ல வெள்ளைத் துணியையும் கலரையும் சேத்துப் போட்டுடாத" என்றாள். அவ்வளவுதான். அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு அவளைக் கும்பிடலாம் போல் இருந்தது.

ஈரத் துணியை உதறி உதறிப் போடும்போது கோபம் கொஞ்சம் கையை விட்டுப் போகிறது. மதியத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது.

வாத்தியாரிடமிருந்து செய்திகள். எங்கே இருக்கே? சாப்பிட்டியா? ப்ளீஸ். ஒரே ஒரு பதில் அனுப்பினேன்: உயிரோடு இருக்கிறேன்.

ஏப்ரல் 16

குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கேட்காமல் வைத்திருந்தேன். இன்று துணி மடிக்கும் மேசையில் போனை வைத்துக் கேட்டேன்.

"முத நாட்டுல, அந்த ரயில்ல, ஒருத்தர் கேட்டார், புள்ளைங்க இல்லையான்னு. நீ தூங்கிட்டு இருந்தே. நிஜமாவே உண்மையச் சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். முன்னப் பின்னத் தெரியாத ஆளு, சொல்லிப் பாப்போம்னு. ஆனா வந்தது அதுதான். அவர் உடனே என் கையப் புடிச்சு, பெரிய மனசு உங்களுக்குன்னார். நல்லா இருந்துச்சு. அசிங்கமா இருக்கு சொல்றதுக்கு, ஆனா நல்லா இருந்துச்சு. அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி, எனக்கே பாதி நெஜம் மாதிரி ஆயிடுச்சு."

நல்லா இருந்துச்சாம்.

இன்று மடித்த விரிப்புகள் எல்லாம் கோணல். கேப்டன் தானே பிரித்து மடித்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாத்தனார் பேசினார். என் வீட்டுக்காரர் அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குரலே சரியில்லை.

"இன்னைக்கிப் போன் பண்ணி, எல்லாம் என்னாலதான், அவ மேல எந்தத் தப்பும் இல்லன்னு சொல்றான். அம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? அவதான் சொல்லிக் குடுத்துப் பேச வைக்கிறா, வெளியூர்ல கொண்டுபோய் என் புள்ளைய மயக்கிட்டாங்கறாங்க. நெஜமாவா? நீ சொல்லு. நெஜமா?"

"டாக்டர்கிட்ட கேளுங்கக்கா."

"இத்தன வருஷம் ஏன்டி வாயத் தொறக்கல நீ? நாங்கல்லாம் உன்ன எத்தன பேச்சுப் பேசியிருக்கோம்!"

அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன் வாயத் தொறக்கலன்னு என்னக் கேக்கறீங்க. உங்க தம்பி ஏன் தொறக்கலன்னு கேட்டீங்களா? திட்டு வாங்குனதும் நானு, இப்போ கேள்வி கேக்கறதும் என்னையா?"

வைத்துவிட்டேன். கேப்டன் எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

ஆக, உண்மையைச் சொன்னாலும் குற்றவாளி நான்தான். அருமையான வீடு.

ஏப்ரல் 21

அவருக்கு ஒரு வரி அனுப்பினேன்: உங்க அம்மா நம்பலையாம். அது உன் பாடு. இதுலயும் நான் வந்து சாட்சி சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 29

அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். விமான நிலையத்திலிருந்து, "போறேன். நேர்ல சொல்றேன்" என்று மட்டும் அனுப்பியிருந்தார். எனக்கு அறிவுரை சொல்லவும் இல்லை, நீயும் வா என்று கூப்பிடவும் இல்லை. அது ஒரு முன்னேற்றம்தான் என்று தோன்றியது. தோன்றியதற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

மே 9

நாத்தனார் மறுபடி. இந்தத் தடவை எடுத்ததுமே, "கோவப்படாத, கேளு" என்றார்.

வாத்தியார் அம்மாவை அந்த டாக்டரம்மாவிடமே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அம்மா வரமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். இவரும் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். மூன்றாம் நாள் அம்மாதான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாராம். டாக்டரம்மா எதிரில் இவரே வாயைத் திறந்து, "யாருகிட்ட குறைன்னு எங்க அம்மாவுக்குச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மா சொன்னார். மாமியார் மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னாராம். மறுபடியும் சொன்னார்.

"வர்ற வழியெல்லாம் அம்மா பேசவே இல்ல. வீட்டுக்கு வந்ததும் அவனப் பாத்து, 'அந்தப் பொண்ண நான் அப்படிப் பேசும்போதெல்லாம் நீ எங்கடா இருந்தே?'ன்னு கேட்டாங்க. பக்கத்துலதான் இருந்தேன்னான்."

பக்கத்தில்தான் இருந்தேன். ஆமாம். அதுதான் விஷயமே.

அழக் கூடாது என்று இருந்தேன். துணி மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மே 18

மாமியார் எண்ணிலிருந்து அழைப்பு. எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"நான்தான்" என்றார்.

"சொல்லுங்க அத்தை."

ரொம்ப நேரம் மூச்சு மட்டும். பிறகு, "அங்க என்ன சத்தம், மழையா?"

"இல்ல. கடல்."

"ம்" என்றார். "அன்னைக்கி... அந்தக் கொழந்தையத் தூக்க வந்தப்போ நான் உன்ன..."

முடிக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. "பரவாயில்லத்தை" என்று வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருடப் பழக்கம். விழுங்கிவிட்டேன். அப்படி விட முடியாது. பரவாயில்லை என்று நான் சொல்லிவிட்டால் அவர் அப்புறம் நிம்மதியாகத் தூங்குவார். தூங்க வேண்டாம், கொஞ்ச நாளைக்கு.

"வச்சிடறேன்" என்றார். "உடம்பப் பாத்துக்க."

"சரி."

முதல் முறையாக என் உடம்பைப் பற்றி என்னிடமே பேசியிருக்கிறார்.

மே 25

அவர் கூப்பிட்டார். எடுத்தேன். முகம் மெலிந்திருக்கிறது.

"நீ எப்போ வர்றே?" என்றார்.

"நான் வரல. பாக்கி ரெண்டு நாட்டையும் பாத்துட்டுத்தான் வருவேன்."

"தனியாவா?"

"இப்ப தனியாத்தானே இருக்கேன்."

தலையை ஆட்டினார். கதை எதுவும் சொல்லவில்லை. சிரிக்கவைக்கப் பார்க்கவில்லை. "நான் அங்க வரட்டுமா? நீ வேணாம்னா வரல" என்றார்.

"இப்ப சொல்ல முடியாது."

"சரி."

வைத்த பிறகும் கோபம் இருந்தது. ஆனால் முன்புபோல் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு அலைகிற கோபம் இல்லை.

ஜூன் 3

அதே எல்லை. அதே ஜன்னல். அதே பெண் அதிகாரி. அடையாளம் தெரிந்ததா தெரியவில்லை. "தனியாகவா?" என்றாள். ஆமாம் என்றேன். குத்தினாள். தார்ச்சாலையில் நடந்துபோனேன்.

ஜூன் 6

வாத்தியாருக்கு எழுதினேன்: வரலாம். வாடகை இனி நீதான் பேசணும். யாராவது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் பதில் நான் சொல்வேன், நீ பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். நாளிதழ் கூடாது.

உடனே பதில்: சரி. சரி. சரி.

எதற்கு மூன்று? ஒன்று போதாதா? அந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேனோ.

ஜூன் 14

நாளைக் காலை வருகிறார். விடுதி வரவேற்பு மேசையில் இருந்தவர், "கணவன் மனைவிதானே, பெரிய கட்டில் அறை இருக்கிறது, தரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஒரே அறையில் அடுக்குக் கட்டில் கேட்டு வாங்கினேன். கீழே எனக்கு. மேலே அவருக்கு. ஏணியில் ஒரு படி இல்லை. ஏறி இறங்கட்டும்.